கடல்நீர்த் தொட்டியில் பாசி: துருசு போடலாமா, மாத்திரை போடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதமும் சில படங்களும் அனுப்பி, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவர் வளைகுடா நாடு ஒன்றில் பணிபுரிகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது அவர் ஆசையாக அமைத்துவிட்டுப் போன நான்கடி நீளக் கடல்நீர் மீன்தொட்டியை, அன்று முதல் இவரே பராமரித்துவருகிறார். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துப்புரவு இறால், சில நத்தைகள், காளான் பவளங்கள், பொத்தான் போல விரியும், பவளத்துக்கு உறவான ஜோவாந்திட் உயிர்களின் கூட்டம் ஒன்று, இருபத்தைந்து கிலோ அளவில் பாறை ஆகியவை அதில் இருக்கின்றன. தைப்பொங்கலுக்குப் பிறகு பாறைகளின் மேல் பச்சைப் பாசி முடிபோல வளரத் தொடங்கி, இப்போது பவளங்களை மூடும் நிலைக்கு வந்துவிட்டது. மணலின் ஒரு மூலையில் செந்நிற ஏடு ஒன்றும் படர்கிறது. டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் என்றே காட்டுகிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். சேரன்மகாதேவியில் நெல் பயிரிடும் மாமனார், வயல் பாசிக்குப் போடும் துருசை (செம்பு சல்பேட்) ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்கிறார். கணவர் தொலைபேசியில், பூஞ்சை நோய்க்கான ஃப்ளுகோனசோல் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். அவர் படித்துச் சொன்ன கணக்கின்படி 34 மாத்திரைகள் வேண்டும். மாதந்தோறும் உவரியிலிருந்து கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து தரும் கொழுந்தனார், பாறைகளை வெளியே எடுத்து வேகவைத்துவிட்டு, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் மூலம் உயிருள்ள புதுப் பாறை வாங்கிப் போடலாம் என்கிறார். இந்த மூன்றில் எதைச் செய்வது, மருந்து போட்டால் இறாலும் பவளமும் பிழைக்குமா, ‘பவளத்துக்குப் பாதுகாப்பானது’ என்று புட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா என்பவை சகோதரியின் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

மூவரும் உங்கள் தொட்டியின் மேல் அக்கறை கொண்டுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் துருசு இந்தத் தொட்டிக்கு எமன். பாறையை வேகவைப்பது வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. மாத்திரை யோசனையில் மருந்து சரி, அளவு தவறு. அந்த மருந்தையும் இன்றோ நாளையோ போடக் கூடாது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் பாசியைக் கொன்றால், ஒரு மாதத்துக்குள் அதே பாறையில் அதே பாசியோ அதைவிட மோசமான வேறொன்றோ வந்து உட்காரும்.

முதலில், அது எந்தப் பாசி?

பாசி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் கூட்டத்தில், ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத உயிர்கள் இருக்கின்றன. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது. ஆகவே பெயர் தெரியாமல் மருந்து வாங்குவது வீண்.

நீங்கள் அனுப்பிய படங்களில், பம்பின் மேலும் பெரிய பாறையின் உச்சியிலும் இருப்பது ஒவ்வோர் இழையும் பறவை இறகு போல இருபுறமும் கிளைத்திருக்கிறது. அது பிரயாப்சிஸ். மற்ற இடங்களில் இருப்பது கிளைகள் இல்லாத வெறும் நூலிழை. அது டெர்பிசியா வகையைச் சேர்ந்த சாதாரண முடிப்பாசி. ஒரு கொத்தைப் பிய்த்து வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது கடல்நீருடன் பரப்பி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் இந்த வேறுபாடு உங்களுக்கே தெளிவாகத் தெரியும். நத்தைகள் முடிப்பாசியை மேயும். பிரயாப்சிஸைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். உங்கள் நத்தைகள் சோம்பேறிகள் என்று எழுதியிருந்தீர்களே, அவற்றின் மேல் குற்றமில்லை.

மணலில் படரும் செந்நிற ஏடு பாசியே அல்ல. அது சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக் கூட்டம். விரலால் நெருடினால் வழவழவென்று முழு ஏடாக உரிந்துவரும். பகலில் அதன் மேல் காற்றுக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். பூஞ்சை மருந்தான ஃப்ளுகோனசோல் அதை ஒன்றும் செய்யாது. பழுப்பு நிறத்தில் சளி போல நூல் நூலாகத் தொங்கி, நடுப்பகலில் பெருகி, இரவில் பெருமளவு மறையும் ஒன்று வந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிராக இருக்கக்கூடும். அது உங்களிடம் இப்போது இல்லை. ஆனால் அவசரப்பட்டுத் தண்ணீரில் சத்தே இல்லாமல் செய்துவிட்டால் அடுத்து வருவது பெரும்பாலும் அதுதான் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பாஸ்பேட் பூஜ்யம் என்ற கணக்கு

உங்கள் கடிதத்தில் மிக இயல்பாக வந்திருக்கும் தவறான முடிவு, டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் காட்டுவதால் தண்ணீரில் சத்து மிகுதி இல்லை, ஆகவே பாசிக்குக் காரணம் வேறு ஏதோ என்பது. டெஸ்ட் கிட் அளப்பது அந்த நேரத்தில் தண்ணீரில் கரைந்து நிற்கும் பாஸ்பேட்டை மட்டுமே. தொட்டிக்குள் வரும் பாஸ்பேட்டை வந்த வேகத்தில் பாசி உறிஞ்சித் தன் உடலாக ஆக்கிக்கொண்டால், தண்ணீரில் அளக்க எதுவும் மிஞ்சாது. ஒரு கை நிறையப் பாசியைப் பிடுங்கி எடுத்தால், நீங்கள் தேடும் பாஸ்பேட் அந்தக் கைக்குள்தான் இருக்கிறது. இதை மனத்தில் கொண்டால், பாசியைத் தொட்டிக்குள்ளேயே சாகவிடுவது ஏன் தவறு என்பதும் விளங்கும்: செத்த பாசி அழுகி, தான் சேர்த்து வைத்த அனைத்தையும் தண்ணீருக்கே திருப்பித் தரும்.

அப்படியானால் சத்து எங்கிருந்து வருகிறது? நீங்கள் எழுதியிருப்பதிலேயே மூன்று வழிகள் தெரிகின்றன.

ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் நான்கைந்து லிட்டர் ஊற்றுவதாகவும், அது சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்து நீர் என்பதால் சுத்தமானது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் குடிநீர் இயந்திரங்கள் பலவற்றில், சுவைக்காக ஆர்.ஓ. நீருடன் சிறிது வடிகட்டிய மூலநீரையே கலந்துவிடும் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) கட்டுப்பாட்டுத் திருகு இருக்கும். உங்கள் இயந்திரத்து நீரின் டி.டி.எஸ். 80 என்று நீங்களே அளந்து எழுதியிருப்பதால், உங்களுடையதிலும் அப்படியே நடக்கிறது என்று எண்ணுகிறேன். குடிக்க அது நல்ல நீர். தொட்டிக்கு அப்படியல்ல. ஆவியாகிப் போவது வெறும் நீர். அதில் கரைந்திருந்த பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றில் நம் ஊரில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். டி.டி.எஸ். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்படி, ஆர்.ஓ.வுக்குப் பின் அயனி நீக்கும் பிசின் குழாய் ஒன்றையும் பொருத்திக்கொண்டால் அந்த வழி அடைபடும். வேறெந்த மருந்தையும்விட அந்தக் குழாய்க்குச் செலவிடும் பணமே உங்களுக்கு முதலில் பயன் தரும்.

இரண்டாவது உவரிக் கடல்நீர். கடலில் எடுத்தது என்பதாலேயே அது தொட்டிக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்பியாறும் கருமேனியாறும் வயல் உரத்தையும் ஊர்க் கழிவையும் சேர்த்து அந்தக் கரையோரத்தில்தான் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. உங்கள் பாசி தைக்குப் பிறகு தொடங்கியது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்திலும் அது முடிந்த சில வாரங்களிலும் கரைநீரை எடுக்காதிருப்பது நல்லது. மற்ற நாட்களில், அலை கலக்கும் இடத்தைத் தாண்டி படகிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மூடிய டிரம்மில் இருட்டில் சில நாட்கள் வைத்துத் தெளியவிட்டு, நெருக்கமான துணிப்பை வடிகட்டியில் வடித்து, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் இருக்கிறதா, பாஸ்பேட் எவ்வளவு என்று பார்த்த பிறகே தொட்டியில் சேருங்கள். டிரம்மில் பாசி இல்லாததால், அங்கே கிட் காட்டும் எண்ணை நம்பலாம்.

மூன்றாவது, சந்தை இறாலை அரைத்துத் தினமும் இருவேளை போடுவது. இரண்டு கோமாளி மீன்களுக்கு அது மிக அதிகம். ஒருவேளை போதும், வடிகட்டியில் அலசி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மாலை வெயில் தொட்டியின் மேல் விழும் மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரையும் போட்டுவிடுங்கள்.

துருசு வேண்டாம்

மாமனார் சொல்வது வயலுக்குப் பொருந்தும். நெல் வயலில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சேற்றிலுள்ள மக்கு, துருசில் உள்ள செம்பைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்கிறது. நெல்லுக்கு அந்த அளவு செம்பால் கேடில்லை. உங்கள் தொட்டியில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். துருசின் எடையில் கால் பங்கு செம்பு. சிட்டிகையை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டு, அதை உங்கள் தொட்டியின் ஏறத்தாழ 200 லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.25 மில்லிகிராம் செம்பு வரும். வெண்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் தனித் தொட்டியில் மீன்களை மட்டும் வைத்துச் செம்பு மருந்து கொடுக்கும்போதுகூட, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரைதான் தினமும் அளந்து பார்த்து நிறுத்துவார்கள். மாமனாரின் சிட்டிகை அதைப் போல் ஆறு மடங்கு. மீன் தாங்குமா என்பதே ஐயம். இறாலும் நத்தையும் பவளமும் அந்த 0.20 அளவிலேயே சாகும். இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளில் செம்புதான் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது அந்த உயிர் தானே அளந்து எடுத்துக்கொண்ட செம்பு. நீரில் மிதக்கும் செம்பு அதன் செவுளைத் தாக்குகிறது.

இன்னொரு கேடும் உண்டு. செம்பின் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் படிந்து, பின்னர் மெல்ல மெல்ல வெளியே வரும். தண்ணீரை முழுவதும் மாற்றினாலும் பாறை அதை நினைவில் வைத்திருக்கும். ஒருமுறை துருசு போட்ட பாறையுள்ள தொட்டியில் மீண்டும் இறாலோ பவளமோ வைக்க நான் ஒருவருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

குளத்துப் பாசிக்கென்று விற்கப்படும் களைக்கொல்லிப் பொருள்களையும் இதே வரிசையில் வையுங்கள். சிமாசின் போன்றவை ஒளிச்சேர்க்கையைத் தடுத்துப் பாசியைக் கொல்லும். பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்ணுயிரும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசியினம்தான். மருந்துக்கு வேண்டிய பாசி, வேண்டாத பாசி என்ற பாகுபாடு தெரியாது. புட்டியில் ‘பவளத்துக்குப் பாதுகாப்பானது’ என்று இருந்தால், உள்ளே என்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்றும் அதே புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடாத புட்டியை வாங்காதீர்கள்.

ஃப்ளுகோனசோல்: காலனும் லிட்டரும்

உங்கள் கணவர் படித்தது தவறான செய்தி அல்ல. மனிதரின் பூஞ்சை நோய்க்குக் கொடுக்கும் இந்த மருந்து பிரயாப்சிஸை நன்றாகவும் முடிப்பாசியை ஓரளவும் அடக்குவதை, கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் பலர் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து அல்ல என்பதால், கழிவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அதனால் நேரடிக் கேடில்லை. பெரும்பாலான பவளங்களும் இறால்களும் நத்தைகளும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அழகுக்காக வளர்க்கும் பெரிய கடற்பாசிகள் ஏதேனும் இருந்தால் அவை வாடக்கூடும்.

பிழை நேர்ந்தது அளவில். வழக்கமாகச் சொல்லப்படும் 20 மில்லிகிராம் என்பது ஒரு காலன் நீருக்கு; லிட்டருக்கு அல்ல. அமெரிக்க காலன் ஒன்று ஏறத்தாழ 3.8 லிட்டர். ஆகவே லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். அடுத்ததாக, 4 அடி, ஒன்றரை அடி, ஒன்றரை அடி என்று பெருக்கி 255 லிட்டர் என்று எடுத்திருக்கிறார். அது வெறுங்கண்ணாடிப் பெட்டியின் கொள்ளளவு. மேலே விட்டிருக்கும் இடைவெளியையும் மணலையும் பாறையையும் கழித்தால் உங்கள் தொட்டியில் நீர் ஏறத்தாழ 200 லிட்டர்தான். 200 லிட்டருக்கு ஏறத்தாழ 1,050 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மாத்திரைகளாக எண்ணினால் ஏழு. முப்பத்துநான்கு மாத்திரை என்பது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. தெரிந்த கடைக்காரர் தருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியை விட்டுவிட்டு, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நிலைமையைச் சொல்லிச் சீட்டு எழுதி வாங்குங்கள். மீன் நோய்களை அறிந்தவர்கள் வேண்டுமென்றால், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

மருந்து போடுமுன் கையால் பிடுங்குவது முக்கியம். பாசி படர்ந்த பாறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டியின் பழைய நீர் நிரப்பிய வாளியில் வைத்து, கையுறை அணிந்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஜோவாந்திட் ஒட்டியிருக்கும் பாறையை மட்டும் தேய்க்காதீர்கள். காரணம் கீழே வருகிறது. இப்படி மூன்று, நான்கு நாட்கள் இடைவெளியில் இரண்டு முறையாவது செய்தால், பாசியில் பாதிக்கு மேல் அது சேர்த்த சத்துடன் வெளியே போய்விடும். மீதிக்குத்தான் மருந்து.

கரி வடிகட்டியையும் பாஸ்பேட் உறிஞ்சும் துகள்களையும் எடுத்துவிடுங்கள்; புற ஊதா விளக்கு இருந்தால் நிறுத்துங்கள். மாத்திரைகளைப் பொடித்து ஒரு குவளைத் தொட்டிநீரில் நன்றாகக் கலக்கி, பம்பின் ஓட்டத்தில் ஊற்றுங்கள். நுரையால் கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை நிறுத்தத் தேவையில்லை. மேல் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் காற்று கிடைக்கும், மருந்தும் வெளியேறாது. முதல் வாரத்தில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அதற்குப் பின் இழைகள் வெளிறி, தொட்டால் கையோடு வரும். அந்த நாட்களில் பொறுமை இழந்து இரண்டாம் தவணை மருந்து ஊற்றுவதுதான் பலர் செய்யும் பிழை. வெளிறியதை உறிஞ்சிக் குழாயால் அன்றன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு முதல் மூன்று வாரத்தில் புதுக் கரியைப் போட்டு, நீரில் கால் பங்கை மாற்றி முடித்துக்கொள்ளலாம்.

எந்த மருந்தானாலும், மொத்தத் தொட்டியில் போடும்போது மீன்களைக் கொல்வது பெரும்பாலும் மருந்தின் நஞ்சு அல்ல, மூச்சுத்திணறல். சாகும் பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.2 மில்லிகிராம் ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் நன்னீருக்கு 7.5. கையிருப்பு அவ்வளவு குறைவு. ஆகவே அக்னி நட்சத்திர நாட்களில் இதைத் தொடங்காதீர்கள். ஏர் பம்ப் ஒன்றைக் கூடுதலாக இரவு பகலாக ஓடவிடுங்கள். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். விடியற்காலையில் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நின்றால், உடனே காற்றைக் கூட்டி நீரை மாற்றுங்கள். மருந்து வீணானால் ஆகட்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, எரித்ரோமைசின் பற்றி

இவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். பெராக்சைடு பாசியை எரித்து, தானும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால் பலருக்கு அதன் மேல் ஆசை. தொட்டிக்குள் ஊற்றும் முறையை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். உங்களிடம் உள்ள துப்புரவு இறால் அதற்கு மிக எளிதில் பலியாகும் உயிர்களில் ஒன்று. சிறிய பாறையை வெளியே எடுத்து, பாசி உள்ள இடத்தில் மட்டும் சிரிஞ்சால் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, வேறு வாளிக் கடல்நீரில் அலசித் திரும்ப வைப்பதற்கு அது நல்லது. அயல்நாட்டுக் குறிப்புகள் சொல்வது 3 சதவீதக் கரைசலை; நம் மருந்துக்கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 6 சதவீதம், லேபிளில் 20 வால்யூம் என்று இருக்கும். ஆர்.ஓ. நீரைச் சம அளவு கலந்து பாதியாக்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக்கு விற்கும் 30, 50 சதவீதக் கரைசலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், தோலைப் பொசுக்கிவிடும்.

எரித்ரோமைசின் செந்நிற ஏட்டைக் கொல்லும். ஆனால் உள்ளங்கை அளவு ஏட்டுக்காக ஆன்டிபயாட்டிக்கை 200 லிட்டரில் கரைப்பது எனக்கு உடன்பாடில்லை. தொட்டியின் நல்ல பாக்டீரியாக்களும் அதனால் பாதிக்கப்படலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்து வடிகாலில் விடுவதும் நடக்கும். ஏட்டை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்த மூலையை நோக்கி ஒரு சிறிய பம்பைத் திருப்பிவையுங்கள். அப்படியும் வந்தால், மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி, காற்று மட்டும் ஓடவிடுங்கள். உங்கள் பவளங்கள் மூன்று நாள் இருட்டைத் தாங்கும்.

பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு துகள்களைச் சிறிய அளவில் பின்னர் பயன்படுத்தலாம். லாந்தனம் குளோரைடு கரைசல் மிக விரைவாக வேலை செய்யும். அளவு தவறினால் நீர் கலங்கி மீன்களின் செவுளுக்குக் கேடு வரும், கையாளப் பழகாதவர்களுக்கு அது வேண்டாம். எதைப் பயன்படுத்தினாலும் பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடாதீர்கள், லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருப்பது பவளத்துக்கும் தேவை.

பாறையை வேகவைப்பதும் புதுப் பாறை வாங்குவதும்

கொழுந்தனாரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்: ஜோவாந்திட் ஒட்டிய பாறையை வீட்டில் ஒருபோதும் வேகவைக்கக் கூடாது. அந்த இனத்துச் சில உயிர்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கவைத்தாலும், வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலும், அது ஆவித்துளியுடன் மூச்சில் ஏறி, வீட்டில் இருந்த அனைவரும் மருத்துவமனை போக நேர்ந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் தொட்டியில் உள்ளது நஞ்சுள்ளதா இல்லையா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பாறையை நீருக்குள்ளேயே வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பாசியை விரலால் மட்டும் பிடுங்குங்கள். கையில் புண் இருக்கும் நாளில் அதையும் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகள் அருகில் வேண்டாம்.

உயிருள்ள புதுப் பாறை என்று நண்பர் சொல்வது, படங்களில் பார்த்தவரை, பவளம் ஒட்டிய பாறை. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. கடலிலிருந்து எடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். செத்த பவளத் துண்டும் அதில் அடங்கும். குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதன் பின்னணியில், சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்த காலமும் இருக்கிறது. கொழுந்தனாருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எல்லாரும் எடுக்கிறார்களே என்பதுதான் கரையில் கேட்கும் பேச்சு. வழக்கு வந்தால் அந்தப் பேச்சு துணைக்கு வராது. மேலும் அந்தப் பாறையுடன் புதிய பாசி வித்துகளும் சேர்ந்தே வரும். பாறை வேண்டுமென்றால், கடைகளில் கிடைக்கும் செயற்கைச் சுட்ட களிமண் பாறையை ரசீதுடன் வாங்குங்கள். சில மாதங்களில் உங்கள் பழைய பாறையிலிருந்து நல்ல பாக்டீரியா அதிலும் குடியேறும்.

எந்த வரிசையில் செய்வது

இந்த வாரமே ஜன்னல் திரை, உணவுக் குறைப்பு, விளக்கு எரியும் நேரத்தைத் தினமும் எட்டு மணி நேரமாகக் குறைப்பது ஆகியவற்றைச் செய்துவிடலாம். செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஆர்.ஓ. நீருக்கான பிசின் குழாயைப் பொருத்தி டி.டி.எஸ். அளந்த பிறகு, கையால் பிடுங்கும் வேலையைத் தொடங்குங்கள். ஒரு மாதம் இப்படிப் போனால் முடிப்பாசி தானாகவே தளரும். நத்தைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிரயாப்சிஸ் மட்டும் அசையாமல் நிற்கும். அப்போது, வெயில் தணிந்த ஒரு வாரத்தில், மேலே சொன்ன ஏழு மாத்திரைக் கணக்கில் மருந்தைப் போடுங்கள். கணவர் அடுத்த விடுமுறையில் வருவதாக எழுதியிருக்கும் நாட்களோடு அதைப் பொருத்திக்கொண்டால் இன்னும் நல்லது. மருந்துள்ள மூன்று வாரமும் விடியற்காலையில் தொட்டியைப் பார்க்க ஒருவருக்கு இருவர் இருப்பீர்கள்.

முடிவில் மாற்றி எடுக்கும் மருந்து கலந்த நீரை, வாளிகளில் கரிப்பையுடன் இரண்டு நாள் வைத்துவிட்டு, வீட்டுக் கழிவுநீர் வடிகாலில் விடுங்கள். தென்னைக்கும் செடிக்கும் ஊற்றினால் உப்பில் கருகும். பாளையங்கால்வாயில் ஊற்றவே கூடாது. அந்த நீர் கீழே வயலுக்கும் குளத்துக்கும் போகிறது.

மருந்துக்குப் பிறகு நான்காம் வாரத்தில் பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் மீண்டும் அளந்து எழுதுங்கள். பாசி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் பாஸ்பேட் எண் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். இதுவரை பாசிக்குள் மறைந்திருந்ததை இப்போதுதான் கிட் காண்கிறது. அடுத்த முறை படம் எடுக்கும்போது நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கில் எடுத்து அனுப்புங்கள். நீல ஒளியில் செந்நிற ஏடும் பழுப்புச் சளியும் ஒன்றுபோலவே தெரிகின்றன.